கசிவு இல்லை என்று கையெழுத்துப் போட்டவன்

தண்ணீரை மிச்சம் பிடிப்பது எப்படி என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அறுபதுகளில் நான் செஞ்சியில் கிராம சேவக். பயிற்சி முடித்த கையோடு வந்து சேர்ந்தவன். ஒரு சைக்கிள், தோளில் ஒரு பை, பை நிறைய நோட்டீஸ், தலை நிறையத் திமிர். நோட்டீசை யாரும் படிக்கவில்லை. திமிரை மட்டும் ஊர் ஊராக எல்லாரும் பார்த்திருப்பார்கள். இப்போது வயதாகிவிட்டது, பென்ஷன் வாங்குகிறேன். யாராவது வந்து, "அந்தக் காலத்து ஆபீசருங்கன்னா உங்கள மாதிரி இருக்கணும் சார்" என்று சொன்னால், எழுந்துபோய்க் காறித் துப்பிவிட்டு வரத் தோன்றுகிறது. எதனால் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அந்த வருஷம் ஒரு திட்டம் வந்தது. கிணற்றிலிருந்து கழனிக்குப் போகிற மண் வாய்க்காலைச் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிக் கட்டினால், செலவில் பாதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். வேலை தொடங்கும்போது முதல் தவணை. வேலை முடிந்ததும் ஓவர்சியர் வந்து பார்ப்பார். வாய்க்காலில் எங்கேயும் கசிவு இல்லை என்று கிராம சேவக் சான்று எழுதவேண்டும், அவர் அதில் மேலொப்பம் போடவேண்டும், அப்புறம்தான் இரண்டாம் தவணை. திட்டத்தில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். செஞ்சிப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி சரளை. கிணற்றில் இறைத்துவிட்ட தண்ணீர் கடைசிக் கழனிக்குப் போய்ச் சேருவதற்குள் வழிநெடுக மண்ணே குடித்துவிடும். மாடு நாக்குத் தள்ள இழுத்த தண்ணீர் இப்படிப் போகிறதே என்று எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் அயோக்கியனாக ஆரம்பிக்கவில்லை.

ஆனால் ஒருவரும் மனு கொடுக்க வரவில்லை. "இன்னிக்கி சிமெண்டு பூசுவான், நாளைக்கி கெணத்துக்கு வரி போடுவான்" என்றார்கள். "சும்மா குடுக்கறான்னா அதுல ஏதோ இருக்குது" என்றார்கள். ஆறு மாதம் சைக்கிளை மிதித்த பிறகு ஒரே ஒருவர் சரி என்றார். அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமம். அவரைக் கிணற்றுக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மாடு கட்டிக் கவலை இறைப்பதை நிறுத்திவிட்டு அப்போதுதான் ஆயில் இன்ஜின் வாங்கிப் போட்டிருந்தார். மாடு இழுத்தவரைக்கும் தண்ணீர் வீணானது அவர் கண்ணில் படவில்லை. டீசல் ஊற்ற ஆரம்பித்ததும் பட்டது. எல்லாரும் அப்படித்தான்.

அந்த வாய்க்காலுக்கு ஓர் ஆள் இருந்தாள். நாற்பது வயதுக்காரி, மாதா கோவில் தெருவில் வீடு. கல் உடைக்கிற இடத்தில் சில்லு தெறித்து அவள் புருஷனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. கிணற்றுக்காரரின் வாய்க்கால் கரையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எலி வளை, நண்டு வளை அடைப்பாள், இடிந்த கரைக்கு மண் அணைப்பாள், தண்ணீர் பாயும்போது கழனிக்குக் கழனி மடை திருப்புவாள். ஊரில் அவளைக் கரைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனை வேலைக்கும் காசு கிடையாது, நெல் கிடையாது. கரைதான் கூலி. வாய்க்காலின் இரண்டு பக்கத்துக் கரையிலும், கசிகிற ஈரத்தில் அவள் என்ன வைத்து விளைத்துக்கொள்கிறாளோ அது அவளுடையது. அவள் மாமியார் காலத்திலிருந்தே அப்படி. பத்திரம் இல்லை, பட்டா இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

நீளமான கரை. ஒரு முழ அகலத்தில் அவள் ஒரு தோட்டமே வைத்திருந்தாள். தண்டுக்கீரை, முளைக்கீரை, கத்தரி, வெண்டை, இரண்டு முருங்கை, ஆமணக்கு, கீழே சரிவில் படர்ந்த பூசணிக்கொடி. கீரையைச் செஞ்சிக்கு எடுத்துப்போய் விற்பாள். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் பஸ் நிற்கிற இடத்தில் பூசணிக்காயை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கழுத்தில் சிலுவைக் கயிறு, வியாபாரம் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டத்திடம். "மாதா ஒண்ணும் கோவிச்சிக்கமாட்டா சார், அவளும் புள்ள பெத்தவதான்" என்பாள்.

நான் முதல் முதலாக அவளைப் பார்த்தபோது ஒரு நண்டு வளையில் களிமண்ணை உருட்டி உருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். வளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவளுடைய கத்தரிச் செடிகள் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. செடிகள் வாடிப்போயிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, உன் செடிக்குத்தானே பாயுது? கொஞ்ச நேரம் கழிச்சி அடைச்சா இன்னா கெட்டுப்போச்சி?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓட்டை வழியா வர்றது திருட்டு சார். கசிஞ்சி வர்றதுதான் எங்குளுது. ஓடறது நைனாவுது."

கிணற்றுக்காரரை அவள் நைனா என்றுதான் கூப்பிட்டாள். ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வாய்க்காலிலிருந்து மொண்டு செடிக்கு ஊற்றமாட்டாள். அவ்வளவு கறார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பயிற்சியில் படித்த மேதாவி அல்லவா நான்!

மனு எழுதுகிற அன்று அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிணற்றுக்காரருக்கும் வந்திருந்த நாலு பேருக்கும் பிரசங்கம் செய்தேன். மண் வாய்க்கால் எப்படித் தண்ணீரைக் குடிக்கிறது, சிமெண்ட் வாய்க்கால் எப்படிக் குடிக்காது, டீசல் எவ்வளவு மிச்சம் என்று. மனுவில் ஒரு கட்டம் இருந்தது: 'தற்போது விரயமாகும் நீர்.' அதில் கரையின் நீளத்தைக் கணக்குப் போட்டு எழுதினேன். அவளுடைய கூலியைத்தான் விரயம் என்று எழுதுகிறேன் என்பது அப்போது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அவள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் எழுந்த பிறகு கிட்டே வந்தாள்.

"சிமெண்டு பூசினா கசியாதா சார்?"

"ஒரு சொட்டு கசியாது!" என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி.

அவள் வாய்க்கால் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப எனக்கு?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிணற்றுக்காரருக்கும் உறைத்திருக்கவேண்டும், தலையைச் சொறிந்தார். "நீ ஏன் கவலைப்படற? வருஷத்துக்கு இவ்வளவுன்னு நெல்லு அளந்துடறன்" என்றார்.

"நீங்க அளப்பீங்க நைனா. ஒரு வருஷம் அளப்பீங்க, ரெண்டு வருஷம் அளப்பீங்க. அப்பறம் கரையே இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு நெல்லுன்னு உங்க புள்ளைங்க கேக்கும். கேட்டா தப்பா? தப்பில்லியே."

மனு இன்னும் மடிக்காமல் என் கையில் இருந்தது. ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே மனு. இது போனால் ஆபீசில் என்னைப் பிடித்துத் தின்றுவிடுவார்கள். அவசரமாக மூளையை ஓட்டினேன். கரையில் ஒரு இடத்தில் அரை அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்துவிடலாம், தண்ணீர் பாயும்போதெல்லாம் அதன் வழியாகக் கொஞ்சம் அவள் பக்கம் விழும், கீழே அவள் பாத்தி பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

அவள் தயங்கினாள். "கொழாயில வந்தா அது ஓடற தண்ணி ஆச்சே."

"நான்தான சொல்றன், எடுத்துக்கோ. அவ்ளோ தண்ணியில நான் ஒண்ணும் கெட்டுப்போவமாட்டன்" என்றார் கிணற்றுக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் இருக்கேன்மா. என் பேச்ச நம்பு" என்றேன். நம்பினாள்.

வேலை ஆரம்பித்தது. சிமெண்ட் அப்போது பெர்மிட்டில் மட்டும் கிடைத்த பொருள். வீடு கட்டுகிறவன் ஒரு மூட்டைக்கு மாதக்கணக்கில் அலைவான். எங்கள் ஓவர்சியர் அப்போது தன் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலுக்கு வந்த மூட்டைகளில் எத்தனை வழியிலேயே இறங்கின என்று நான் எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்றுதான் எண்ணவில்லை. கொத்தனார் கலவையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சிமெண்டு வேலையா சார், மணலுக்குச் சிமெண்ட மோந்துபாக்க காட்ன மாதிரி இருக்குது" என்றார். "பேசாம வேலையைப் பாருங்க" என்று அவரை அதட்டினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒருவன் அள்ளிக்கொண்டு போகிறான், நான் வாயில்லாப் பூச்சி கொத்தனாரை அதட்டுகிறேன். சீ, என்ன பிழைப்பு!

குழாயை மட்டும் நானே செஞ்சி இன்ஜின் ரிப்பேர் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, நானே நின்று வைக்கச் செய்தேன். இன்ஜின் ஓடினதும் அதன் வழியாகப் பென்சில் கனத்தில் தண்ணீர் விழுந்தது. கரைக்காரம்மா கீழே பாத்தி பிடித்து, வாய்க்கால் வேலைக்காகப் பிடுங்கிவைத்திருந்த கத்தரி நாற்றைத் திரும்ப நட்டாள். பூசணி விதை ஊன்றி, கீரை விதை தூவினாள். பழைய தோட்டத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. "பரவால்ல சார், சொன்னத செஞ்சிட்ட" என்றாள். அன்று ரோட்டில் சைக்கிளை இரண்டு கையையும் விட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து ஓவர்சியர் ஜீப்பில் வந்தார். வந்ததும் வாய்க்காலைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைத்தான் பார்த்தார். கிணற்றுக்காரர் வீட்டில் கோழி அடித்திருந்தார்கள். அதோடு கீரை கடைந்து வைத்திருந்தார்கள். அந்தக் கீரை, கரைக்காரம்மா காலையில் குழாய்ப் பாத்தியிலிருந்து கிள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது. ஓவர்சியர் இலையை வழித்து வழித்துச் சாப்பிட்டார். "கீரை ஜோரா இருக்கே! செஞ்சியில இப்படிக் கீரை கிடைக்கறதில்ல, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க" என்று மூன்று தடவை வாங்கிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன்.

பிறகு பல்லைக் குத்திக்கொண்டே வாய்க்கால் ஓரமாக நடந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்கு நேரே வந்ததும் நின்றார்.

"என்னய்யா இது?"

விஷயத்தைச் சொன்னேன். கரை, கூலி, அவள் புருஷன் கண், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார், அதையும் சொல்லவேண்டும். கேட்டுவிட்டு, "இதெல்லாம் சரிய்யா. மேலேர்ந்து ஒருத்தன் வந்து பார்த்தா இதுக்குப் பேரு என்ன? கசிவு. கசிவு இல்லைன்னு நீ எழுதணும், நான் கையெழுத்துப் போடணும். ஒரு கீரைக்காரிக்காக என் வேலையை நான் பணயம் வைக்கணுமா?" என்றார். மூட்டை மூட்டையாகச் சிமெண்டை ஏப்பம் விட்ட மனுஷனுக்குப் பென்சில் கனத் தண்ணீரில் நீதி நியாயம் எல்லாம் நினைவு வந்துவிட்டது.

நான் கிணற்றுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'இது என் தண்ணி, நான் கொடுக்கறேன்' என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் வாய்க்காலைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், இரண்டாம் தவணை வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்திருப்பார். "நீங்க படிச்சவங்க தம்பி. பாத்து எது சரியோ அத செய்ங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டவேண்டும் என்று போய்விட்டார்.

"நான் ஜீப்ல இருக்கேன். அடைச்சிட்டு வா, இப்பவே எழுதிக் கொடுத்துடலாம். உன் வேலை நிரந்தரமாகற ஃபைல் நம்ம ஆபீஸ் வழியாத்தான்யா போகுது" என்றார் ஓவர்சியர்.

கொத்தனார் இல்லை. மிஞ்சின சிமெண்ட் ஒரு சாக்கில் இன்ஜின் கொட்டகையில் இருந்தது. நானே எடுத்து வந்து, நானே மணல் போட்டு, என் கையாலேயே பிசைந்தேன். இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். துணியைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்துவிட்டு, அதன்மேல் கலவையை அப்பிக்கொண்டிருந்தபோது அவள் ஓடிவந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"சார், சார், இன்னா பண்ற? நீதான சார் வெச்ச?"

நான் திரும்பவில்லை.

"நீதான நம்புன்னு சொன்ன? நைனா எங்க? நைனாவ கூப்புடு. கொழா வேணாம்னுதான சொன்னன், நீதான வெச்சிக்குடுத்த..."

என் தோளைத் தொட்டாள். ஜீப்பில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் என்னைப் போன்றவர்களுக்குக் கோபம்தான் வரும். "இதோ பாரும்மா, இது கவர்மெண்ட் காசுல கட்டினது. இதுல யார் கை வெச்சாலும், ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும், போலீஸ்தான் வரும். ஜெயில்ல போட்டுடுவாங்க, தெரியுமா? உன் பொண்ணுங்கள யாரு பாத்துப்பாங்க?" என்று கத்தினேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். நான் கரணை வைத்து மழமழவென்று தேய்த்து முடிக்கிறவரைக்கும் நின்று பார்த்தாள். ஜீப்பின் முன்பக்கத்துத் தகரத்தில் காகிதத்தை வைத்து, 'மேற்படி வாய்க்காலை நேரில் பார்வையிட்டேன், எவ்விதக் கசிவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை கழுவாததால் காகிதத்தின் ஓரத்தில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டது. ஓவர்சியர் அதை ஊதிவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. தண்ணீர்ச் சிக்கனத்தில் முன்மாதிரி வாய்க்கால் என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினோம். பஞ்சாயத்து யூனியன் விழாவில் எனக்கு ஒரு நற்சான்று கொடுத்தார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். மிச்சமான தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டால் அதுதான் பெரிய கூத்து. தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதே என்று கிணற்றுக்காரர் மல்லாட்டைக் கடலை போட்டிருந்த மேட்டு நிலத்தையும் சேர்த்துக் கரும்பு நட்டார். முன்னைவிட இன்ஜின் கூடுதல் நேரம் ஓடியது. மாசி முடிவதற்குள் கிணற்றில் பாறை தெரிந்தது, அப்புறம் ராத்திரி ஊறினதைக் காலையில் இறைக்கவேண்டியதாயிற்று. ஆற்றில் போகிற தண்ணீர் அப்பா குடி, ஆத்தா குடி என்கிற கதையாக, மானியம் கொடுத்தவனுக்கும் கவலை இல்லை, வாங்கினவனுக்கும் கவலை இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமாகவில்லை. கரைக்காரம்மாவுடையது மட்டும் போயிற்று.

அவள் கரை காய்ந்ததை நான் அடிக்கடி பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். கத்தரி முதலில் போயிற்று, பூசணிக்கொடி பிஞ்சோடு சுருண்டது என்று கேள்விப்பட்டேன். முருங்கையை வெட்டி விறகாக விற்றுவிட்டாள். கிணற்றுக்காரர் நெல் அளந்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு போகத்துக்கு அளந்தார். அடுத்த போகத்தில், அடைக்கவும் அணைக்கவும் கரையில் வேலையே இல்லையே என்று அவருடைய மூத்த மகன் கேட்டானாம். அவளும் சரிதான் என்று சொல்லிவிட்டு, புருஷனுக்குக் கண் போன அதே கல் உடைக்கிற இடத்தில் ஜல்லி சுமக்கப் போனாள். பெரிய பெண்ணையும் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்திக் கூட அழைத்துக்கொண்டு போனாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் நடுப்பகல், ஆபீஸ் வாசலில் அவள் நின்றுகொண்டிருப்பதாகப் பியூன் வந்து சொன்னார். பெரிய அதிகாரி வேறு அன்று உள்ளே இருந்தார். புகார் கொடுக்க வந்துவிட்டாள், தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

வெயிலில் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தாள். தலையில் ஜல்லித் தூள்.

"சார், வாய்க்கா வெடிச்சிருக்குது."

"எங்க?"

"முருங்க இருந்த எடத்துல. மாதா மேல சத்தியமா நான் ஒடைக்கல சார். எங்க ஊட்ல ஆரும் அந்தப் பக்கமே போவல. ஆனா யாராச்சும் பாத்தா நான்தான் ஒடைச்சேன்னுதான சொல்லுவாங்க? தண்ணி என் கரைக்குத்தான வருது? போலீசு வர்றதுக்குள்ள நீயே வந்து பாத்துடு சார்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று நடந்தே வந்தாள். அவள் வருவதற்குள் பார்த்துவிட்டேன். மணலும் பொய்யுமாகப் பூசின பூச்சு வெயிலுக்கு நெடுக வெடித்திருந்தது. யாரும் உடைக்கவில்லை, எங்கள் கலவையே உடைத்துக்கொண்டது. வெடிப்புக்குக் கீழே நாலைந்து முழத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது. போன வருஷத்து விதை எங்கேயோ கிடந்து, அந்த ஈரத்தில் முளைக்கீரை தானாகவே குப்பென்று எழும்பியிருந்தது. கிள்ளுகிற பருவம். அதில் ஓர் இலைகூடக் கிள்ளப்படவில்லை.

அவள் வந்து சேர்ந்ததும் சொன்னேன்: "இருக்கட்டும்மா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நைனாகிட்ட நான் பேசிக்கறேன். நீ பாட்டுக்குக் கீரையைக் கிள்ளிக்கோ. ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."

எப்படியோ ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கீரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"வேணாம் சார். ஒருதரம் உன் பேச்ச நம்பி இருந்துட்டன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. அடைச்சிடு."

"நான் சொல்றேன்ல..."

"அடைச்சிடு சார்."

இன்ஜின் கொட்டகைச் சாக்கில் கொஞ்சம் சிமெண்ட் இறுகாமல் இருந்தது. நான் பிசைந்தேன். சட்டியை அவள் பிடித்துக்கொண்டாள். வெடிப்பில் மேலிருந்து கீழே பூசிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்ததை அவள்தான் காட்டினாள். "இங்க இன்னும் கசியிது பாரு" என்றாள். அதையும் அடைத்தேன்.

முடித்ததும், அவள் உடைக்கவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். பையிலிருந்து தாள் எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீலு?" என்று கேட்டாள். சீல் ஆபீசில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

அவள் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, செஞ்சி ஆபீசுக்குப் போகிற ரோட்டில் திரும்ப நடக்க ஆரம்பித்தாள். நாளைக்கு நான் சீல் கொண்டுவருவேன் என்று அவள் நம்பவில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.